பொய்க்கு நாம் டிக்கெட் கொடுப்பதா?



சென்ற மாதம் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நம் உறுப்பினர் ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நல்ல உழைப்பாளி. சந்தா பாக்கி வைக்காதவர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர்.

"அண்ணாச்சி, நம்ம ஊர்ல வடக்கனுவ பண்ற அட்டூழியத்தப் பாத்தீங்களா?"

பார்த்தேன். அரை நிமிடப் படம். ஏதோ ஒரு தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒருவனை அடிக்கிறார்கள். அவர்கள் பேசுவது கேட்கவில்லை. யாரோ மேலே ஒட்டிய பாட்டுதான் அலறுகிறது. "தமிழா, விழித்துக்கொள்" என்று சிவப்பு எழுத்து ஓடுகிறது.

"இது எந்த ஊரு தம்பி?"

"திருப்பூர்ப் பக்கமாம்."

"எப்ப நடந்தது?"

"இப்பத்தான் வந்துச்சு அண்ணாச்சி."

"வந்தது இப்ப. நடந்தது எப்ப?"

பதில் இல்லை. "அடிபடுறவன் தமிழனா, அடிக்கிறவன் தமிழனா?" என்று கேட்டேன். மறுபடியும் படத்தைப் போட்டுப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்குள் பதினோரு குரூப்புக்கு அனுப்பி முடித்திருந்தார்.

இவருடைய தகப்பனார் யார் தெரியுமா? தலையில் இட்லிக் கூடை சுமந்து இந்த ஊரில் பிழைத்தவர். 1969 பிப்ரவரிக் கலவரத்தில் தெருவில் உதைபட்டவர். கூடை போயிற்று, இரண்டு பல் போயிற்று. அவர் செய்த குற்றம் என்ன? "மதராசி" என்ற பெயர் அவர்மேல் ஒட்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அந்தக் கிழவரின் மகன் இன்று இன்னொரு கூடைக்காரனுக்கு அதே பெயர்ச்சீட்டை எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். வெளியே இருக்கும் எதிரியைத் திட்டி எழுதுவது சுலபம். வீட்டுக்குள் நுழைந்துவிட்ட நோயைப் பற்றி எழுதுவதற்குத்தான் சங்கப் பத்திரிகை வேண்டும்.

ஏழு தந்திரங்கள்

1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிரசாரத்தை ஆராய்வதற்கென்றே ஒரு கழகம் தொடங்கினார்கள். ஹிட்லரின் குரல் வானொலியில் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்படி அவர்கள் ஏழு தந்திரங்களை வகைப்படுத்தினார்கள். வசைப்பெயர் சூட்டுவது ஒன்று. பொருள் தெளிவில்லாத பளபளப்பான சொற்களை வீசுவது இரண்டு. மக்கள் போற்றும் ஒன்றின் மதிப்பை எடுத்துத் தன்மேல் பூசிக்கொள்வது மூன்று. பெரிய மனிதர் ஒருவரைச் சாட்சிக்கு இழுப்பது நான்கு. "நானும் உங்களைப்போல் சாதாரண ஆள்தான்" என்று வேடம் போடுவது ஐந்து. தனக்கு வேண்டிய உண்மையை மட்டும் அடுக்கி மற்றதை மறைப்பது ஆறு. "எல்லாரும் வந்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் நிற்கிறாய்" என்று கூட்டத்தைக் காட்டி இழுப்பது ஏழு.

நான் மெட்ரிக் படித்தவன். புக்கிங் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறவன். அமெரிக்கக் கழகத்தின் பாடத்தை உங்களுக்கு ஒப்பிக்க நான் வரவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. இந்த ஏழையும் நம் முதுகிலேயே எழுதிக் காட்டியிருக்கிறார்கள். எந்த வருஷம், எந்த இடம் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுச் சரிபாருங்கள்.

பெயர் வைத்தால் போதும்

1960 மே 1ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. அதற்காகத் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பைக் காட்டியவர்கள் மராத்தித் தொழிலாளிகள். தனி மாநிலம் வந்தால் வேலை வரும் என்று நம்பினார்கள். வேலை வரவில்லை. படித்த பையன்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாசலில் நின்றார்கள். இது உண்மையான வலி. இதை நாம் மறுக்கக்கூடாது. வலி இல்லாத இடத்தில் எந்தப் பிரசாரமும் வேர்விடாது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற கார்ட்டூன் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1966 ஜூன் 19ஆம் தேதி சிவசேனை பிறந்தது. அந்த வலிக்குக் காரணம் யார் என்று பத்திரிகை விரல் நீட்டியது. வேலை கொடுக்காத முதலாளியை அல்ல, வாக்குறுதியைக் காற்றில் விட்ட மந்திரியை அல்ல. "மதராசி"யை!

யார் இந்த மதராசி? திருநெல்வேலித் தோல் தொழிலாளி, உடுப்பி ஹோட்டல்காரர், பாலக்காட்டு ஸ்டெனோகிராபர், தெலுங்குக் கட்டடத் தொழிலாளி. இவர்களுக்குள் மொழி வேறு, சாதி வேறு, சம்பளம் வேறு. ஒருவர் வீட்டில் இன்னொருவர் தண்ணீர்கூடக் குடிக்காத காலம் அது. ஆனால் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி ஒரே பெயரை ஒட்டியாயிற்று. சாக்குமூட்டைக்கு முகம் கிடையாது. முகம் இல்லாததை உதைக்கக் கால் கூசாது.

1969 பிப்ரவரியில் நடந்தது என்ன? பெல்காம் எல்லைப் பிரச்சினை. மகாராஷ்டிரத்துக்கும் அப்போதைய மைசூர் மாநிலத்துக்கும் இடையே உள்ள தகராறு. கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தென்னிந்தியர் கடைகள் நொறுங்கின. பெல்காமுக்கும் தாராவி இட்லிக்காரனுக்கும் என்ன சம்பந்தம்? வரைபடத்தில் பெல்காம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? ஒன்றும் தேவையில்லை. அவனும் அந்தச் சாக்கில் இருந்தான், அவ்வளவுதான்.

பட்டியல் சொன்னதும் மறைத்ததும்

'மார்மிக்' ஒரு பத்தி நடத்தியது. 'வாச்சா ஆணி தண்ட பஸா'. "படி, சும்மா உட்கார்ந்திரு" என்று அர்த்தம். பிறகு தலைப்பு மாறியது. "படி, எழுந்திரு!" அந்தப் பத்தியில் என்ன இருந்தது? பெயர்கள். கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் உயர்ந்த பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்கள், வாரா வாரம்.

என் அப்பா 1964இல் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவினார். அவர் குடியிருந்த இடத்தில் அடுத்த அறைக்காரர் ஒரு மராத்தி மில் தொழிலாளி. இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். ஒருநாள் அவர் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டி, "இதிலே உன் சொந்தக்காரன் எத்தனை பேர்?" என்று கேட்டாராம். அப்பா சொன்னார்: "அண்ணா, இந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றால் வாட்ச்மேன் என்னையும் விரட்டுவான், உன்னையும் விரட்டுவான்." இருவரும் சிரித்துவிட்டார்களாம்.

ஆனால் கலவரம் வந்தபோது அந்த அதிகாரிகளின் பங்களாக் கதவை யாரும் தட்டவில்லை. அப்பா வேலை செய்த ஹோட்டலின் ஷட்டர்தான் வளைந்தது. அன்று உள்ளே மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்களில் அப்பாவும் ஒருவர். வந்தவர்கள் யார், எந்தக் கொடி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப்பிறகு சாகும்வரை வெளியே போகும்போது அவர் லுங்கி கட்டியதில்லை.

பட்டியலில் இருந்த பெயர்கள் பொய்யா? இல்லை. பெரும்பாலும் உண்மையான பெயர்கள்தான். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரசாரம் என்றால் முழுப் பொய் என்று நினைக்காதீர்கள். தேர்ந்தெடுத்த உண்மை பொய்யைவிட ஆபத்தானது. 1961 கணக்கெடுப்பின்படி பெருநகர் பம்பாயின் மக்கள்தொகை சுமார் 41.5 லட்சம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை. தட்டுக் கழுவியவன் பெயர் இல்லை. தோல் பதனிட்டுக் கை வெந்தவன் பெயர் இல்லை. ஆள் எடுப்பவன் யார், ஆளைக் குறைப்பவன் யார் என்ற பெயரும் இல்லை.

சிரிக்க வைத்து, கும்பிட வைத்து, கூட்டத்தில் சேர்த்து

மூன்றாவது வித்தை சிரிப்பு. கார்ட்டூனில் நாம் எப்படி இருந்தோம்? கறுத்த உடம்பு, மடித்துக் கட்டிய லுங்கி. நம் பேச்சு "யண்டு குண்டு". கோஷம் என்ன? "லுங்கி ஹட்டாவ், புங்கி பஜாவ்!" லுங்கியை விரட்டு, ஊதலை ஊது. கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். நம் பிள்ளைகளில் சிலரே அதைச் சொல்லி விளையாடியிருக்கிறார்கள். சிரிப்பு வந்துவிட்டால் கேள்வி வராது. ஒரு மனிதனைப் பார்த்துப் பத்துத் தடவை சிரித்துவிட்டால், பதினோராவது தடவை அவன் அழும்போதும் வேடிக்கையாகவே தோன்றும்.

நான்காவது வித்தை, பெரிய பெயரைப் பூசிக்கொள்வது. சிவாஜி மகாராஜாவின் பெயரைக் கட்சிக்கு வைத்தாயிற்று. இனி கட்சியைக் கேள்வி கேட்டால் மகாராஜாவையே கேள்வி கேட்டதாக ஆகும். ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜி தஞ்சாவூருக்கு வந்து அரசாண்டார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தஞ்சையில் மராட்டியர் ஆட்சி. அந்த வம்சத்தின் சரபோஜி வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் தமிழ்ச் சுவடியும் மராத்திச் சுவடியும் இன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மகாராஜாவின் தம்பி முறையானவரே தெற்கே குடியேறியவர்! அதை யாரும் மேடையில் சொல்லவில்லை.

ஐந்தாவது வித்தை கூட்டம். 1966 அக்டோபர் 30, சிவாஜி பார்க் மைதானத்தில் முதல் பெருங்கூட்டம். கலைந்து போனவர்களில் ஒரு பகுதியினர் வழியில் தென்னிந்திய ஹோட்டல்களைத் தாக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து கிளம்பும்போது கையில் கல் எடுத்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். தனியாக இருக்கும்போது கூச்சம் இருக்கிறது. ஆயிரம் பேர் நடுவில் நிற்கும்போது கூச்சத்தை யாரோ வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

லாபம் யாருக்கு?

எந்தப் பிரசாரத்தையும் உரசிப் பார்க்க ஒரே கல்தான் உண்டு. கடைசியில் யாருக்கு லாபம்?

1967 டிசம்பரில் பரேலில் இருந்த கிர்ணி காம்கார் யூனியனின் தள்வி கட்டடம் தாக்கப்பட்டது. அங்கே ஏது மதராசி? அது செங்கொடி மில் தொழிற்சங்கம். பெரும்பாலும் மராத்தித் தொழிலாளிகளின் சங்கம். 1970 ஜூனில் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். அவரும் மராத்திக்காரர்தான். அந்தத் தொகுதியின் இடைத்தேர்தலில்தான் சிவசேனைக்கு முதல் சட்டமன்ற உறுப்பினர் கிடைத்தார். லுங்கியைக் காட்டித் தொடங்கிய பயணம் எந்த ஸ்டேஷனில் போய் நின்றது பாருங்கள்!

பிறகு 1982 ஜனவரி 18. தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். போராட்டம் ஜெயிக்கவில்லை. மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இன்று பரேலிலும் லோயர் பரேலிலும் மில் நின்ற இடத்தில் கண்ணாடி மாடியும் மால் கட்டடமும் நிற்கின்றன. என் அப்பாவோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த அந்த மராத்தி மனிதரின் வேலையும் அதில் போயிற்று. பறித்தது யார்? லுங்கி கட்டியவனா? 1966இல் நம்மைத் திட்டித் தீர்த்த கோபத்தில் நாலில் ஒரு பங்கு மில் வாசலில் செலவாகியிருந்தால் ஒருவேளை கதை வேறாக இருந்திருக்கும்.

நம்மீது இருந்த விரல் பிறகு வேறு திசைக்குத் திரும்பியது. 1992-93இல் முஸ்லிம்கள்மீது. 2008இல் வேறொரு கட்சி வடமாநிலத்தாரைக் குறிவைத்தது. "மதராசி" போய் "பையா" வந்தான். அந்த ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி ரயில்வே வேலைக்கான பரீட்சை எழுத வந்த பீகார், உத்தரப்பிரதேசப் பையன்களை மும்பையில் ஓட ஓட அடித்தார்கள். நானும் அப்படி ஒரு பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவன். அந்தப் பையன்கள் கையில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தபோது என் வயிறு கலங்கியது.

ஆனால் அப்போது நம் ஆட்களில் சிலர் என்ன சொன்னார்கள்? "நல்லவேளை, இந்தத் தடவை நம்மள இல்ல." இதைவிட வெட்கக்கேடு உண்டா?

ஜன்னலுக்கு முன்னால் பயம்

2012 ஆகஸ்டில் எனக்குப் புனேயில் வேலை. ஜூலையில் அஸ்ஸாமின் கோக்ராஜாரில் கலவரம் நடந்திருந்தது. அதையொட்டி ஒரு வதந்தி கிளம்பியது. ரம்ஜான் முடிவதற்குள் வடகிழக்குக்காரர்கள் ஊரைவிட்டுப் போகாவிட்டால் வெட்டுவார்கள் என்று குறுஞ்செய்தி. வேறெங்கோ நடந்த சாவுகளின் படங்களை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். புனேயில் வடகிழக்கு இளைஞர்கள் சிலர் தாக்கப்பட்டது உண்மை. அந்த ஒரு துளி உண்மையை உறைமோராகப் போட்டுக் குடம் குடமாகப் பொய்யைத் தோய்த்தார்கள்.

என் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும். அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவள். "கவுஹாத்திப் பக்கம் எந்த வண்டியானாலும் சரி" என்றாள். வெயிட்டிங் லிஸ்ட் நீளமாக இருக்கிறது, உட்கார இடம் கிடைக்காது என்றேன். நின்றுகொண்டே போகிறேன் என்றாள். "யாராவது உன்னை ஏதாவது செய்தார்களா அம்மா?" என்று கேட்டேன். "இல்லை. மெசேஜ் வந்தது" என்று போனைக் காட்டினாள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரு பெண்ணை நின்றுகொண்டே ஓடவைக்க ஒரு வரி போதுமாக இருந்தது.

பெங்களூரிலிருந்து பல்லாயிரம் பேர் கிளம்பினார்கள். கவுஹாத்திக்கு ஸ்பெஷல் வண்டிகள் விட்டார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை 15 நாளைக்கு அரசாங்கம் தடை செய்தது. ஒருவர் ஒரு தடவைக்கு 5 பேருக்கு மேல் அனுப்பக்கூடாது என்றது. அந்தச் செய்தியை முதலில் எழுதியவன் ஒருவனோ பத்துப் பேரோ. சுமந்து திரிந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. "ஜாக்கிரதையாக இரு" என்று அன்போடு அனுப்பியவர்கள். அன்புதான் அந்தப் பொய்க்கு வண்டிச் சத்தம் கொடுத்தது.

தாய்மார்களே, இதை உங்களுக்கென்று சொல்கிறேன். 2018இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஒரு வதந்தி நாடெங்கும் ஓடியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். ஜூலை 1ஆம் தேதி, நம் மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டம் ராயின்பாடாவில் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் நாடோடிகள் ஐந்து பேரைக் கொன்றார்கள். தாய்மாரின் பயத்தைவிட வேகமாக எரியும் எண்ணெய் இல்லை. அது பிரசாரக்காரனுக்குத் தெரியும்.

இப்போது நம் முறை

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் பீகாரில் ஒரு செய்தி பரவியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று. படம் படமாக வந்தது. அந்தப் படங்கள் பொய்யாகத் திரித்துப் பரப்பப்பட்டவை என்று தமிழ்நாடு போலீஸ் டி.ஜி.பி. அறிவித்தார். ஒரு சம்பவம் பீகார்த் தொழிலாளிகளுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்கு இடையே நடந்த மோதல். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. பொய் பரப்பியவர்கள்மேல் வழக்குகள் வந்தன.

அதில் ஒரு படம் என் தொழிலைச் சேர்ந்தது. ரயில் நிலையத்தில் நெரியும் கூட்டம். "உயிருக்குப் பயந்து ஓடும் பீகாரிகள்!" அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8ஆம் தேதி. ஹோலிக்கு முந்திய வாரம் வடக்கே போகும் வண்டிகள் எப்படி இருக்கும் என்று எந்த புக்கிங் கிளார்க்கைக் கேட்டாலும் சொல்வான். பொங்கலுக்கு நாம் தாதரில் எப்படி நெரிகிறோமோ அப்படி. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவனைப் படம் பிடித்து, கீழே பொய்யான வரி எழுதினால் வேலை முடிந்தது. படம் உண்மை, வரி பொய். பயந்துபோய்க் கிளம்பியவர்களும் பிறகு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள். பொய் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயாரித்துக்கொண்டது.

அன்று நாம் கொதித்தோம். "தமிழனைக் கொலைகாரன் என்கிறானே" என்று. கொதித்தது நியாயம். ஆனால் அதே கையால் நாம் அனுப்புவது என்ன? "வடக்கன்", "பானிபூரி", "பான்பராக் வாயன்". எத்தனை பட்டப்பெயர்! ஒரிசாக்காரன், பீகாரி, அஸ்ஸாமி, வங்காளி எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். நம்மைக் கட்டிய அதே சாக்கு! நம்மை வரைந்த கார்ட்டூனில் லுங்கியை அழித்துவிட்டுப் பான் கறையைப் போட்டிருக்கிறோம்.

"அண்ணாச்சி, அவனுவ குறைஞ்ச கூலிக்கு வந்து நம்ம வேலையக் கெடுக்கானுவளே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். 1966இல் மராத்திப் பையன் கேட்டதும் இதே கேள்விதான். கூலியைக் குறைத்தது வந்தவனா, கொடுப்பவனா? 1979இல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, ஒரே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதற்குக் குறையாமல் வெளியூரானுக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதை மதித்த காண்ட்ராக்டர் எத்தனை பேர்? வந்தவனுக்கும் முழுக்கூலி கொடு என்று திருப்பூரில் ஒருவன் கோஷம் போட்டால் உள்ளூரான் கூலியும் தானே காப்பாற்றப்படும். வந்தவனை விரட்டு என்று கோஷம் போட்டால் முதலாளி கைதட்டுவான். பயந்தவன் இன்னும் குறைந்த கூலிக்கு வேலை செய்வான்.

"அப்படியானால் வெளியூரான் குற்றமே செய்வதில்லையா?" செய்வான். திருநெல்வேலிக்காரன் செய்யவில்லையா? குற்றம் செய்தவன் பெயரைச் சொல்லு, ஊரைச் சொல்லு, போலீசுக்குப் போ. ஒருவன் குற்றத்துக்கு ஒரு திசையையே தூக்கில் போடாதே. நம்மில் ஒருவன் செய்த தப்புக்காகத் தாராவித் தமிழன் அத்தனை பேரும் திருடன் என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். நாமே இங்கே வெளியூரான்! "வந்தவனெல்லாம் வெளியே போ" என்ற பாட்டைத் தமிழ்நாட்டில் பாடினால், அதன் எதிரொலி நம் சால் சுவரில்தான் வந்து மோதும். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூரில் தமிழன் குடிசை எரிந்ததை மறந்துவிட்டோமா? திருப்பூரில் நாம் எறியும் கல், சுற்றிக்கொண்டு சயானுக்கும் சிவாஜி நகருக்கும் வந்து சேரும்.

என்ன செய்ய வேண்டும்?

என் ஜன்னலில் நான் கொடுக்கும் டிக்கெட்டில் என்ன இருக்கிறது? எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி, எவ்வளவு, யார் கொடுத்தது. இந்த ஐந்தும் இல்லாத காகிதத்தோடு வருகிறவனைப் பரிசோதகர் இறக்கிவிடுவார். கைப்பேசிக்கு வரும் செய்தியையும் அப்படியே பாருங்கள். எங்கிருந்து கிளம்பியது? யாரிடம் போய்ச் சேரப் பார்க்கிறது? எந்தத் தேதியில் நடந்தது? நான் இதை நம்பினால் கொடுக்கும் விலை என்ன, அந்த விலை யார் பைக்குப் போகிறது? கையெழுத்துப் போட்டவன் யார்? ஐந்தில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் உங்கள் கையோடு நிறுத்துங்கள்.

அடுத்து, ஊரில் நடந்ததாக ஒன்று வந்தால் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். திருப்பூரிலும் கோவையிலும் நமக்கு மச்சான் இல்லையா, மதினி இல்லையா? "அங்கே என்ன நடக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்க என்ன கஷ்டம்?

அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை நான் முன்வைக்கப் போகிறேன். ஒன்று, நம் சங்கத்தின் குரூப்பில் எந்த ஜனத்துக்கும் வசைப்பெயர் சூட்டி எழுதக்கூடாது. எழுதினால் நாம் "மதராசி"யைப் பற்றிப் புகார் சொல்லும் உரிமையை இழக்கிறோம். இரண்டு, நம் பக்கத்துச் சந்தில் ஜரிகை வேலை செய்யும் பீகார்ப் பையன்களை மே தினக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். அவர்கள் கூலிப் பிரச்சினையும் நம் கூலிப் பிரச்சினையும் ஒன்றா என்று உட்கார்ந்து பேசிப் பார்ப்போம். எதிர்ப்பவர்கள் வந்து எதிர்த்துப் பேசுங்கள். ஆனால் வாருங்கள்.

அந்த உறுப்பினரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு டூட்டிக்குப் போகும்போது பிளாட்பாரத்தில் வந்து நின்றார். "ராத்திரி வீட்ல அப்பா படத்தப் பாத்தேன் அண்ணாச்சி. அழிச்சிட்டேன்" என்றார். "பதினோரு குரூப்புலயும் எழுது. நான் அனுப்பினது எங்கே நடந்ததுன்னே எனக்குத் தெரியாது, அனுப்பினது தப்புன்னு எழுது" என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அனுப்பும்போது அரை நொடிகூட ஆகவில்லை. திருப்பி எழுத அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆனாலும் எழுதினார். நாமும் எழுதுவோம்.